வெயிலும் நிழலும்

உண்மை நல்லது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் உண்மையைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்கிற காரியங்கள் எல்லாமே நல்லவை ஆகிவிடுமா? திருடனைப் பிடிக்க வேண்டும். கொலைகாரனைக் கண்டுபிடிக்க வேண்டும். சரி. அதற்காக ஒரு மனிதனின் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கி எடுக்கும் உரிமை இன்னொரு மனிதனுக்கு உண்டா? உடுத்தியிருக்கும் துணி காக்கியாக இருந்தால் அந்த உரிமை தானாக வந்துவிடுமா?

இது வக்கீல்களும் நீதிபதிகளும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்குவதற்கு நமக்கு உரிமை இல்லை. வீட்டில் ஒரு ஜோடி வளையல் காணாமற் போகட்டும். வேலைக்கு வரும் பெண்ணின் மேல் சந்தேகம் விழட்டும். "ஸ்டேஷனில் வைத்து நாலு தட்டுத் தட்டினால் உண்மை தானே வந்துவிடும்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்கிறவர் கொடியவர் அல்லர். வாசலுக்கு வரும் நாய்க்குச் சோறு வைக்கிறவர்தாம். ஆனாலும் அந்த வார்த்தை அவர் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது! ஆகவே, கேள்வி போலீஸ் நிலையத்தில் பிறப்பதில்லை. நம் கூடத்தில் பிறந்து அங்கே போகிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு சிறிய நகரத்துப் போலீஸ் படையின் வரலாறு எனக்கு நினைவுக்கு வரும். அமெரிக்காவில், ஸான்பிரான்ஸிஸ்கோவுக்கு எதிரே, வளைகுடாவின் மறுகரையில் இருக்கிறது பெர்க்லி. பல்கலைக்கழகத்தால் உலகம் அறிந்த ஊர். 1900-ஆம் ஆண்டில் அதன் ஜனத்தொகை 13,214. 1906-இல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் நிலநடுக்கமும் தீயும் வந்தபோது வீடிழந்தவர்கள் பலர் இந்தக் கரைக்கு வந்து தங்கிவிட்டார்கள். 1910-இல் கணக்கெடுத்தபோது 40,434 பேர். நம் நாட்டில் ஒரு தாலுகாத் தலைநகர் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரின் காவலுக்கு 1905-இல் ஒரு தபால்காரர் வந்து சேர்ந்தார். பெயர் ஆகஸ்ட் வோல்மர். வயது இருபத்தொன்பது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். முந்தின ஆண்டு ஊரின் நடுவே சரக்கு வண்டி ஒன்று தண்டவாளத்தில் கட்டுமீறி ஓடி, பிரயாணிகள் இருந்த ரயிலை நோக்கிப் பாய்ந்தபோது, அதில் தாவி ஏறி நிறுத்தினார் என்பதுதான் அவருடைய புகழ். அந்தப் புகழே அவரைத் தேர்தலில் ஜெயிக்க வைத்தது. அந்நாளில் ஊர்க் காவல் தலைவரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். 1909-இல் அந்தப் பதவி போலீஸ் தலைவர் என்ற நியமனப் பதவியாயிற்று. 1932 வரையில் அவரே அதில் இருந்தார்.

அவர் செய்த முதல் காரியங்களைப் பாருங்கள். கால்நடையாகச் சுற்றிக்கொண்டிருந்த காவலர்களைச் சைக்கிளில் ஏற்றினார். தெருச் சந்திகளில் விளக்குகளைத் தொங்கவிட்டார். நிலையத்தில் விசையைத் தட்டினால் அவை எரியும். அதைக் கண்ட காவலர் தொலைபேசியில் நிலையத்தைக் கூப்பிட்டு எங்கே போகவேண்டும் என்று கேட்டுக்கொள்வார். எந்தத் திருடன் எந்தப் பாணியில் திருடுகிறான் என்று ஏடு வைத்தார். 1908-இல் தம் ஆட்களுக்காகப் பள்ளிக்கூடமே ஏற்படுத்தினார். 1916-இல் பல்கலைக்கழகத்திலேயே போலீஸ் தொழிலைப் பாடமாக்கினார். கல்லூரி மாணவர்களை வேலைக்கு எடுத்தார். 1919-இல் வால்ட்டர் கார்டன் என்ற நீக்ரோ இன இளைஞரைப் படையில் சேர்த்துக்கொண்டார். அக்காலத்து அமெரிக்காவில் அது சாதாரணக் காரியம் அல்ல. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் நடக்கும். அதில் எந்தக் காவலரும் எவரைப் பற்றியும், தலைவரைப் பற்றியே கூட, மனத்தில் இருக்கும் குறையை வெளிப்படையாகச் சொல்லலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. பிடிபட்டவனை அடித்து உதைத்து ஒப்புக்கொள்ள வைக்கும் வழக்கத்தை அவர் தம் நிலையத்தில் அனுமதிக்கவில்லை. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அது அன்றாட நடைமுறையாக இருந்த காலம் அது. அந்த வழக்கத்துக்கு மூன்றாம் தரம் என்று ஒரு செல்லப் பெயர் கூட இருந்தது.

வோல்மரைப் புனிதராக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. 1898-இல் பிலிப்பைன்ஸுக்குப் போர்வீரராகச் சென்றவர் அவர். அந்நிய மண்ணில் கற்ற படைமுறைகளைச் சொந்த ஊர்ப் போலீஸுக்குக் கொண்டுவந்தார் என்ற குறை அவர் மேல் உண்டு, நியாயமான குறைதான். ஆனால் அடிக்காமல் காவல் செய்யலாம் என்பதை ஓர் ஊரில் நடத்திக் காட்டியவர் என்ற பெருமையும் அவருடையது.

அடியை விட்ட இடத்தில் சைக்கிள் வந்தது. இவை இரண்டுக்கும் என்ன உறவு என்று தோன்றலாம். நெருங்கிய உறவு உண்டு. அதை விளக்க நம் நாட்டுக்கே வரவேண்டியிருக்கிறது.

ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற ஆங்கிலேயர் வைஸ்ராயின் சபையில் சட்ட அங்கத்தினராக இருந்தார். 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதியவர் அவரே. இங்கே போலீஸ்காரர்கள் கைதிகளை ஏன் வதைக்கிறார்கள் என்பதற்கு, அனுபவசாலியான அதிகாரி ஒருவர் தம்மிடம் சொன்ன காரணத்தை அவர் பிற்காலத்தில் எழுதிவைத்தார். அந்தக் காரணம் கொடூரம் அல்ல. சோம்பல். வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைக் காட்டிலும், நிழலில் சுகமாக உட்கார்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாயைத் தேய்ப்பது எளிதாக இருக்கிறது என்றாராம் அந்த அதிகாரி.

சென்னை ராஜதானிக்கு அது புதிய செய்தி அல்ல. 1855-இலேயே இங்கே சித்திரவதையைப் பற்றி விசாரித்த கமிஷன் ஒன்று தன் அறிக்கையை வெளியிட்டிருந்தது. வரி வசூலிப்பதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் ஜனங்களைப் படுத்திய பாடு அதில் பதிவாகியிருக்கிறது. 'கிட்டி', 'அண்ணாந்தாள்' என்ற தமிழ்ச் சொற்கள் அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே ஏறிவிட்டன. கிட்டி என்பது கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள் என்பது மனிதனைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிவிடுவது. உலகத்துக்கு நம் மொழி வழங்கிய சொற்களின் பட்டியலில் இவையும் இருக்கின்றன என்று நினைத்தால் மனம் கூசுகிறது.

போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்ற விதி ஸ்டீபனின் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக இடம்பெற்றது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்த பிறகும், 23-ஆம் பிரிவு என்ற எண்ணில் அதே விதி தொடர்கிறது. அந்த விதியின் உட்பொருள் எளியது. "நிழலில் உட்கார்ந்து பெற்றதை என்னிடம் கொண்டுவராதே, வெயிலில் போய்த் தேடிக்கொண்டு வா" என்று சட்டம் போலீஸுக்குச் சொல்கிறது. பெர்க்லியின் சைக்கிள் வெயிலில் போன சைக்கிள். தெருவிளக்கும், ஏடும், பள்ளிக்கூடமும் அலைச்சலுக்கு உதவிய சாதனங்கள். குற்றம் நடந்தது வெளி உலகத்தில். ஆகவே அதன் சுவடும் வெளி உலகத்தில்தான் இருக்கும் என்ற நம்பிக்கை அவற்றின் பின்னால் இருந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதைப் பாலர் பாடமாக வைக்கலாம். முடியவில்லை. அதே நிலையத்தில், அதே நல்ல மனிதரின் ஆதரவில், 1921-இல் வேறொரு பொருள் பிறந்தது. பொய்யைக் கண்டுபிடிக்கும் யந்திரம்.

அதைச் செய்தவர் ஜான் லார்ஸன். உடலியலில் டாக்டர் பட்டம் பெற்றுவிட்டுப் போலீஸ்காரராக வேலைக்கு வந்த அதிசய மனிதர். இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் இடைவிடாமல் புகைக்கரி படிந்த காகிதத்தில் கோடாக எழுதும் கருவியை அவர் அமைத்தார். பொய் சொல்லும்போது உள்ளம் பதறும். உள்ளம் பதறினால் உடல் காட்டிவிடும். உடல் காட்டுவதை யந்திரம் எழுதிவிடும். இனி யாரையும் அடிக்க வேண்டியதில்லை! அடிதடிக்கு மாற்றாக விஞ்ஞானம் வந்துவிட்டது என்று அவரும் வோல்மரும் மனப்பூர்வமாக நம்பினார்கள். அந்த ஆண்டே பல்கலைக்கழகத்து மாணவியர் விடுதியில் பணமும், பட்டுத் துணிகளும், மோதிரமும் களவு போயின. பெண்கள் பலரை யந்திரத்தோடு பிணைத்துக் கேள்வி கேட்டார்கள். ஒருத்தியின் கோடு திடீரென்று மாறியது. அவள் ஆத்திரத்தோடு எழுந்துவிட்டாள். பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டாள். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

யந்திரம் புதிது. எண்ணமோ மிகப் பழையது. நம் தரும நூல்கள் சொல்லும் திவ்யப் பிரமாணங்களில் அரிசியும் ஒன்று. களவுக் குற்றம் சாட்டப்பட்டவன் வாயில் அரிசியைப் போட்டு மென்று துப்பச் சொல்வார்கள். தாடை நடுங்கினாலும், துப்பியதில் இரத்தம் கண்டாலும் அவன் கள்ளன். இதில் கொஞ்சம் உடலியல் இருக்கிறது. பயந்தவனுக்கு நா வறளும். வறண்ட வாயில் அரிசி ஈறைக் கீறும். அரிசி எதைக் கண்டுபிடிக்கிறது? களவை அல்ல, பயத்தை. லார்ஸனின் யந்திரம் கண்டுபிடித்ததும் அதைத்தான்.

பயமும் குற்றமும் ஒன்றா? சிறு பையனாக நான் படித்த வகுப்பில் ஒருநாள் வாத்தியாருடைய பேனா காணாமற் போயிற்று. அவர் கதவைச் சாத்தினார். "எடுத்தவன் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சு பெஞ்சாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பேனாவை நான் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் என் பெஞ்சை நெருங்க நெருங்க என் காது சுட்டது. நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் பக்கத்துப் பையனுக்குக் கேட்டிருக்கும். அன்று யந்திரம் இருந்திருந்தால் நான்தான் கள்ளன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும். மானத்துக்கு அஞ்சுகிறவன் எளிதில் நடுங்குகிறான். பழகிய திருடன் நடுங்குவதில்லை. ஆக, நடுக்கத்தை அளந்து குற்றத்தை முடிவு செய்தால், மானமுள்ளவன் அகப்படுவான். மானத்தை என்றைக்கோ விற்றவன் தப்புவான். இதைவிடத் தலைகீழான நீதி உண்டா?

பின்னால் நடந்ததைக் கேளுங்கள். பெர்க்லியிலேயே வளர்ந்து, பள்ளிப் பருவத்திலேயே வோல்மரிடமும் லார்ஸனிடமும் வந்து ஒட்டிக்கொண்ட லியோனார்ட் கீலர் என்ற இளைஞர் யந்திரத்தைச் சீர்ப்படுத்தினார். சிக்காகோவுக்குச் சென்று அதை ஒரு தொழிலாகவே ஆக்கினார். இளமையில் ஜாலவித்தை பழகியவர் அவர். விசாரணை தொடங்குமுன் சீட்டுக்கட்டை நீட்டி ஒரு சீட்டை எடுக்கச் சொல்வார். எந்தச் சீட்டு என்று யந்திரம் கண்டுபிடித்துவிடும். அதைக் கண்டவன், 'இதனிடம் எதையும் மறைக்க முடியாது' என்று நம்பிவிடுவான். அந்த நம்பிக்கையே அவன் வாயைத் திறந்துவிடும். யந்திரம் உண்மையைச் சொல்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. யந்திரத்துக்குப் பயந்து மனிதன் சொல்லிவிடுகிறானே, அதுதான் தொழிலுக்கு வேண்டியது.

இதைக் கண்டு மனம் கசந்தவர் லார்ஸனே. பிற்காலத்தில் மனநோய் மருத்துவராகிவிட்ட அவர், தம் யந்திரம் போகும் வழியை எதிர்த்தே பேசி வந்தார். பழைய அடி உதையைப் போலவே இதுவும் ஒப்புதலைக் கசக்கிப் பிழியும் வேலைதான். உடலை விட்டுவிட்டு மனத்தை வதைக்கிறது, அவ்வளவுதான் என்பது அவர் கருத்து. பெற்ற தகப்பனே பிள்ளையைப் பற்றிச் சொன்ன சாட்சியம் இது. 2003-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையும், இந்தச் சோதனையின் விஞ்ஞான அடிப்படை பலவீனமானது என்றே கூறியது.

அந்தச் சிறிய ஊரில் பிறந்த யந்திரம் எங்கெல்லாமோ சுற்றிக் கடைசியில் நம் நாட்டு விசாரணை அறைகளுக்கும் வந்தது. மயக்க மருந்து கொடுத்துப் பேசவைக்கும் சோதனையும், மூளை அலைகளைப் பதிவு செய்யும் சோதனையும் கூடவே வந்தன. 2010 மே 5-ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனைகளை அவர் மேல் நடத்தக் கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்ற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவுக்கு அது விரோதம் என்றது. அரசின் கை எவ்வளவு நீளமானாலும் மனிதனுடைய உள்ளத்தின் வாசற்படியில் அது நிற்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பை நான் புரிந்துகொள்கிறேன்.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சலுகை உண்டு. தன் பாத்திரங்களின் நெஞ்சுக்குள் அவன் கேட்காமலே நுழையலாம். அங்கே நடப்பதையெல்லாம் பார்த்து எழுதலாம். அவர்கள் காகித மனிதர்கள்; யாருக்கும் நஷ்டம் இல்லை. இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருவதனாலேயே ஒன்று எனக்குத் தெரிகிறது. ஒரு மனிதனிடம் கடைசிவரை அவனுடையதாக இருப்பது அந்த உள்ளறை ஒன்றுதான். வீட்டைச் சோதனை போடலாம். பையைக் கொட்டிப் பார்க்கலாம். விரல் ரேகை எடுக்கலாம். உள்ளறையையும் உடைத்துவிட்டால், பிறகு அங்கே இருப்பவன் மனிதன் அல்ல, பூட்டுடைந்த பெட்டி.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. வலுவான வாதம். அதை மழுப்பக் கூடாது. "உன் குழந்தையை ஒருவன் தூக்கிக்கொண்டு போய் எங்கோ அடைத்து வைத்திருக்கிறான். அவனைப் பிடித்தாகிவிட்டது. இடத்தைச் சொல்ல மறுக்கிறான். அப்போதும் உள்ளறை, வாசற்படி என்று பேசிக்கொண்டிருப்பாயா?" என்று ஒரு தாய் கேட்டால் என்ன சொல்வது? அவளுக்கு எதிரே நின்று தத்துவம் பேச எனக்குத் தைரியம் இல்லை. அவனைக் கொன்றாவது இடத்தைக் கேளுங்கள் என்று அவள் கதறினால், அது தாய்மையின் குரல். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தத் தாய்க்குத் தெரியாத ஒன்று சட்டத்துக்குத் தெரியும். பிடிபட்டவன் அவன்தானா என்பது அப்போது யாருக்கும் நிச்சயம் இல்லை. அவன் வேறொருவனாக இருந்தால், வலி தாங்காமல் அவனும் ஏதோ ஓர் இடத்தைச் சொல்வான். எல்லோரும் அங்கே ஓடுவார்கள். குழந்தை இருப்பதோ வேறிடம். வலியும் பயமும் பேச வைக்கும். உண்மையைத்தான் பேச வைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் 1989 முதல் மரபணுச் சோதனையால் நிரபராதிகள் என்று தெரிந்து விடுதலையானவர்களில் நாலில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள், தாங்கள் செய்யாத குற்றத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டோ தங்களுக்கே எதிராக வாக்குமூலம் தந்தோ இருந்தவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் சிறையில் இருந்த காலத்தில், உண்மையான குற்றவாளியைத் தேடுகிற வேலை நின்றுபோயிருந்தது. நிழலில் உட்கார்ந்தவர்களுக்கு விஷயம் முடிந்துவிட்டது. வெளியே முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. பெர்க்லியில் அடி இல்லாமற் போனது ஒரு நல்ல மனிதரின் உறுதியால். 1923-இல் அதே மனிதர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸுக்குத் தலைமை ஏற்று ஓராண்டு இருந்து பார்த்தார். அந்தப் பெரிய ஊரை அவரால் திருத்த முடியவில்லை, திரும்பி வந்துவிட்டார். நல்லவர் ஒருவர் நாற்காலியில் இருக்கும் வரையில் நிற்கும் தருமம், அவர் எழுந்ததும் எழுந்து போய்விடும். அதனால்தானோ என்னவோ, இத்தனை பெருமை படைத்த பெர்க்லி மக்களே 1973-இல் ஓட்டுப் போட்டு, போலீஸின் மேல் வரும் புகார்களை விசாரிக்கப் பொதுமக்கள் அடங்கிய குழு ஒன்றை ஏற்படுத்தினார்கள். 2021 முதல் அதன் இடத்தில் வேறொரு மன்றம் இயங்குகிறது. வோல்மரின் ஊருக்கே கண்காணிப்பு வேண்டியிருந்தது என்றால், எந்த ஊருக்கு வேண்டாம்?

ஆகவே என் கேள்விக்கு நான் தேடிக்கொண்ட விடை இதுதான். உண்மையைத் தேடும் கடமை போலீஸுக்கு உண்டு; பறிக்கும் உரிமை இல்லை. தடியும் யந்திரமும் பார்வைக்கு வேறு வேறாக இருக்கலாம். சந்தேகப்பட்டவனே தன்னைக் காட்டிக்கொடுக்கட்டும், நாம் அலைய வேண்டாம் என்ற ஆசை இரண்டுக்கும் பொது. நாளைக்கு இன்னும் நுட்பமான கருவி ஒன்று வரும். வலிக்காது, தழும்பு இருக்காது என்பார்கள். அப்போதும் கேட்க வேண்டிய கேள்வி வலிக்கிறதா என்பது மட்டும் அல்ல. அந்த மனிதன் கொடுக்கிறானா, அவனிடமிருந்து எடுக்கிறார்களா என்பதையும் கேட்க வேண்டும்.

இதில் போலீஸ்காரரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது நியாயம் ஆகாது. நூறு வழக்குக்கு நாலு ஆள் கொடுத்துவிட்டு, நாளைக் காலைக்குள் திருடன் வேண்டும் என்கிறோம். கிடைக்காவிட்டால் கையாலாகாதவர் என்று ஏசுகிறோம். கிடைத்தால், எப்படிக் கிடைத்தான் என்று கேட்பதில்லை. வெயிலில் அலைந்து தேடுவதற்கு நாள் ஆகும். அந்த நாட்களைப் பொறுத்துக்கொள்ள நமக்கு மனம் இல்லாதவரையில், எங்கோ ஒரு நிழலில் யாரோ ஓர் ஏழையின் கண்ணில் மிளகாய் விழுந்துகொண்டுதான் இருக்கும். அந்த நிழலுக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பவர்கள் நாம்தாம்.